சர்வரை நீக்கிவிட்டேன், பில் ஏன் இன்னும் வருகிறது?

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து 32 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் சொல்கிறேன்.

பி.எஸ்சி. கணிதம் படித்தவர். கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மூன்று வருடம் மேனுவல் டெஸ்டிங் பார்த்திருக்கிறார். மகள் பிறந்ததும் வேலையை விட்டார். ஐந்து வருடம் ஓடிவிட்டது. கிளவுட், அதாவது இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் கணினிகளை இயக்கும் தொழில்நுட்பம், படித்தால் கோடிங் தெரியாமலே, வீட்டிலிருந்தபடியே வேலை கிடைக்கும் என்று பழைய தோழி ஒருவர் சொல்லியிருக்கிறார். 2025 மே மாத நடுவில் கணவரின் கிரெடிட் கார்டைக் கொடுத்து அமேசானின் கிளவுட் சேவையான அமேசான் வெப் சர்வீசஸில், அதாவது ஏ.டபிள்யூ.எஸ்.ஸில், கணக்குத் திறந்தார். 12 மாதம் எல்லாமே இலவசம் என்று நினைத்திருந்தார். மே 31 இரவு மகளைத் தூங்க வைத்துவிட்டு, ஒரு வீடியோவைப் பார்த்து நெட்வொர்க் ஒன்றும் இரண்டு சர்வர்களும் அமைத்தார். முதல் முயற்சி தப்பாகி, இரண்டாவது முயற்சியில் ஓடியது. சர்வர்களை நீக்கிவிட்டு மடிக்கணினியை மூடினார்.

ஜூலை முதல் வாரம் கார்டில் 42.48 டாலர் கழிந்திருந்தது. நம் பணத்தில் ஏறக்குறைய 3,650 ரூபாய். கணக்கை நிர்வகிக்கும் கன்சோல் பக்கத்தில் போய்த் தேடினால் எதுவுமே ஓடவில்லை. பயந்துபோய் கார்டை முடக்கச் சொல்லிவிட்டார். ஆகஸ்டில் 43.90 டாலருக்கு அடுத்த பில். பணம் எடுக்க முடியவில்லை என்று மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல். இதற்கிடையில் ஒரு பயிற்சி மையம் 72,000 ரூபாய்க்கு ஆன்லைன் வகுப்பு, மாதத் தவணை 6,000, நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்று தினமும் அழைக்கிறது. பில்லைக் கட்டாவிட்டால் போலீஸ், சிபில் என்று ஏதாவது வருமா? வேறு மின்னஞ்சலில் புதுக் கணக்குத் திறந்து ஆரம்பிக்கலாமா? பயிற்சி மையத்தில் சேரலாமா? கடைசி வரியில், “எனக்கு இதெல்லாம் வருமா என்றே சந்தேகமாக இருக்கிறது” என்று முடித்திருக்கிறார்.

அன்புத் தோழிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே, எதை நீக்க வேண்டும் என்பதை மட்டும் தனியாக மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். அது ஒரு நாளும் தாமதிக்கக் கூடாத விஷயம். மற்றதை இங்கே பொறுமையாக எழுதுகிறேன். இதே குழியில் விழுந்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் பலர் அன்றோடு படிப்பையே நிறுத்திவிட்டார்கள். நீங்கள் நிறுத்திவிடக் கூடாது என்பதுதான் என் அக்கறை.

அந்தப் பில்லை வரி வரியாகப் படிப்போம்

நீங்கள் அனுப்பிய ஜூன் மாதப் பில்லில் ‘எலாஸ்டிக் கம்ப்யூட் கிளவுட்’ என்ற தலைப்பின் கீழ் 32.40 டாலர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சுருக்கினால் ஈசி2. ஈசி2 என்றால் சர்வர் என்று வீடியோவில் சொன்னார்கள், சர்வரை நான்தான் நீக்கிவிட்டேனே என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அந்தத் தலைப்பை விரித்து, அதன் கீழே இருக்கும் சின்ன வரியைப் பாருங்கள்: நாட் கேட்வே, மணிக்கு 0.045 டாலர், 720 மணி நேரம். ஜூன் மாதத்துக்கு 30 நாள். 30 நாளை 24-ஆல் பெருக்கினால் 720. அதாவது அந்த நாட் கேட்வே மாதம் முழுக்க ஒரு நிமிடம்கூட ஓயாமல் இருந்திருக்கிறது.

நாட் கேட்வே என்பது, வெளியுலகம் நேராக எட்ட முடியாதபடி உள்ளே வைத்திருக்கும் சர்வர், மென்பொருள் அப்டேட் எடுப்பது போன்ற தேவைகளுக்கு மட்டும் இணையத்துக்குப் போய்வருவதற்கான வாசல். சர்வரை நீக்கினால் வாசலும் சேர்ந்து போய்விடும் என்று நினைத்தீர்கள். போகாது. அது தனிப் பொருள். தனியாகத்தான் நீக்க வேண்டும். அதன் வழியாக யாரும் போகாவிட்டாலும் மணிக்கணக்கு ஏறிக்கொண்டே இருக்கும். இலவசப் பட்டியலிலும் அது இல்லை.

அடுத்த வரி 3.60 டாலர். பயன்பாட்டில் இல்லாத பப்ளிக் ஐபி முகவரி (இணையத்தில் ஒரு கணினியை அடையாளம் காட்டும் எண்), மணிக்கு 0.005 டாலர், அதே 720 மணி நேரம். முதல் முயற்சி தப்பாகிப் போனதாக எழுதியிருந்தீர்களே, அப்போது எடுத்துவைத்த எலாஸ்டிக் ஐபி, அதாவது நீங்களாக விடுவிக்கும்வரை உங்கள் கணக்கிலேயே இருக்கும் முகவரி, அது. எதிலும் மாட்டாமல் சும்மா கிடந்திருக்கிறது. ஐபி முகவரிகளுக்குப் பஞ்சம் வந்துவிட்டதால், 2024 பிப்ரவரி முதல் இந்த வகை (ஐபிவி4) பப்ளிக் முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கணக்கில் கட்டணம் உண்டு. இரண்டையும் கூட்டினால் 36 டாலர். அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 6.48. மொத்தம் 42.48. கணக்கு ஒரு சென்ட் பிசகவில்லை. ஜூலைக்கு 31 நாள், அதனால் 744 மணி நேரம்; அந்த 43.90-ம் இதே கணக்குதான். யாரும் உங்கள் கணக்குக்குள் புகுந்து திருடவில்லை. அந்தப் பயத்தை இப்போதே விட்டுவிடலாம்.

சரி, கன்சோலில் தேடியபோது ஏன் எதுவும் தெரியவில்லை? பில்லில் அந்த வரிகளுக்கு மேலே இடத்தின் பெயர் இருக்கிறது பாருங்கள்: வடக்கு வர்ஜீனியா. வீடியோ எடுத்தவர் அந்த ரீஜியனில் செய்து காட்டியிருக்கிறார். நீங்களும் அங்கேயே அமைத்திருக்கிறீர்கள். பிறகு தேடிப்போனபோது, நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் வலது மேல் மூலையில் மும்பை என்று இருக்கிறது. ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் பெரும்பாலான பொருள்கள் அந்தந்த ரீஜியனுக்குள்தான் கண்ணில் படும். மும்பையில் நின்றுகொண்டு வர்ஜீனியாவில் இருப்பதைத் தேடினால் காலி அறைதான் தெரியும். நீங்கள் கவனக்குறைவாக இருந்தீர்கள் என்று இதைச் சொல்லவில்லை. இந்த மூலையைப் பார்க்கச் சொல்லித் தராமலே பாடம் நடத்துகிறவர்கள்மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

இதற்குள் நீக்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லை என்றால் இன்றே செய்யுங்கள். ரீஜியனை வடக்கு வர்ஜீனியாவுக்கு மாற்றிக்கொண்டு, விபிசி (நெட்வொர்க் அமைப்பு) பக்கத்தில் நாட் கேட்வே பட்டியலைத் திறந்து, அதை நீக்குங்கள். சில நிமிடம் எடுக்கும். நீக்கிய பிறகும் ‘டெலிடெட்’ என்ற அடையாளத்தோடு ஒரு மணி நேரம் போலப் பட்டியலில் தெரியும். அதைப் பார்த்து மறுபடி பதற வேண்டாம். அது முழுவதும் நீங்கிய பிறகுதான் அதில் மாட்டியிருந்த எலாஸ்டிக் ஐபியை விடுவிக்க முடியும். எலாஸ்டிக் ஐபி பட்டியலில் இரண்டு முகவரிகள் இருக்கும்: ஒன்று சும்மா கிடந்தது, இன்னொன்று இப்போது வாசலிலிருந்து கழன்றது. இரண்டையும் ‘ரிலீஸ்’ கொடுங்கள். இதைச் செய்யாத ஒவ்வொரு நாளும் வரியோடு சேர்த்து ஏறக்குறைய 120 ரூபாய் ஏறுகிறது.

கார்டை முடக்கினால் மீட்டர் நிற்காது

கார்டை முடக்கியதால் பணம் எடுப்பது மட்டும்தான் நின்றது. அங்கே பயன்பாடு அதன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, கடனும் ஏறிக்கொண்டிருந்தது. பில் தொடர்ந்து நிலுவையில் இருந்தால் கணக்கை நிறுத்திவைப்பார்கள், பிறகு மூடிவிடுவார்கள். அப்படி மூடினாலும், நீங்களே மூடினாலும், அதுவரை ஏறிய தொகை உங்கள் பெயரில்தான் நிற்கும்.

போலீஸ் பற்றிய பயம் தேவையில்லை. ஏமாற்றும் எண்ணம் இல்லாமல் நிலுவையில் நிற்கும் பில், கொடுக்கல் வாங்கல் விவகாரம். சிபில் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஏ.டபிள்யூ.எஸ். உங்களுக்கு வங்கிபோலக் கடன் கொடுக்கவில்லை. ஆனால் ஜூன் மாதத் தொகை கணவரின் கிரெடிட் கார்டில் ஏற்கெனவே ஏறிவிட்டது. அதைக் கார்டின் கெடு தேதிக்குள் கட்டாவிட்டால் வட்டி ஏறும், கார்டு கொடுத்த வங்கி வழியாக அவருடைய சிபில் கடன் மதிப்பெண்ணும் அடிபடும். அதனால் அதை முதலில் கட்டிவிடுங்கள். ‘இந்தச் செலவை நான் செய்யவில்லை’ என்று வங்கியில் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்ப வாங்கலாம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். செய்யாதீர்கள். அது உண்மை இல்லை, கணக்கும் சிக்கலாகும்.

இதற்கு நேர்வழி ஒன்று இருக்கிறது. ஏ.டபிள்யூ.எஸ். சப்போர்ட் பக்கத்தில், கணக்கு மற்றும் பில் சம்பந்தமான கேள்விகளுக்குக் காசு கொடுக்காமலே கேஸ் திறக்கலாம். சப்போர்ட் திட்டம் எதையும் வாங்கத் தேவையில்லை. அங்கே நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். படிக்கிறவள், மே 31 அன்று பயிற்சிக்காக அமைத்தேன், வேறு ரீஜியனில் இருந்தது தெரியவில்லை, இன்ன தேதியில் நீக்கிவிட்டேன், இனி வராமல் இருக்கப் பட்ஜெட் எச்சரிக்கையும் வைத்துவிட்டேன், ஒருமுறை விலக்கு தர முடியுமா என்று கேளுங்கள். இப்படி முதன்முறை தவறியவர்களுக்குத் தொகையைக் குறைத்தோ முழுவதும் விட்டுக்கொடுத்தோ உதவியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் அது அவர்கள் காட்டும் சலுகை; உரிமையாகக் கேட்கும் தொனி வேண்டாம். முதலில் நீக்குங்கள், எச்சரிக்கை வையுங்கள், அப்புறம் கேளுங்கள். இந்த வரிசை முக்கியம்.

அதோடு கணவரிடம் முழுக் கணக்கையும் காட்டிவிடுங்கள். இரண்டாவது பில்லை அவரிடம் இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வரி வரியாக விளக்க இப்போது உங்களுக்கே தெரியும். எதற்கு என்று புரியாத செலவைச் சொல்வதைவிட, புரிந்த செலவைச் சொல்வது சுலபம்.

கிட்ஹப்பில் போட்டதை இன்றே பாருங்கள்

கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘பயிற்சிக் கோப்புகளை எல்லாம் கிட்ஹப்பில் பொதுவில் போட்டு வைத்திருக்கிறேன்.’ பில்லைவிட என்னை அதிகம் பயமுறுத்தியது இந்த வரிதான். கிட்ஹப் என்பது நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளம்; பொதுவில் போட்டதை யாரும் பார்க்கலாம். அந்தக் கோப்புகளில் ஆக்சஸ் கீ, அதாவது கணக்குக்குள் நுழையும் சாவி, இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஏ.கே.ஐ.ஏ.’ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் நீண்ட சரம் ஒன்று, அதை அடுத்து இன்னும் நீளமாக ஒரு ரகசியச் சரம். இருந்தால், அது வீட்டுச் சாவியைத் தெருவில் தொங்கவிட்ட மாதிரி. பொதுக் களஞ்சியங்களில் இப்படிப்பட்ட சாவிகளைத் தேடுவதற்கென்றே இரவு பகலாக நிரல்கள் ஓடுகின்றன. சாவி கிடைத்தால் கிரிப்டோ நாணயம் தோண்டுவதற்குப் பெரிய பெரிய சர்வர்களைப் பல ரீஜியன்களில் திறந்துவிடுவார்கள். அப்போது வரும் பில் 42 டாலரில் நிற்காது.

சாவி இருந்தால் கோப்பை அழித்தால் மட்டும் போதாது. பழைய பதிப்புகளில் அது அப்படியே இருக்கும். யாருக்கு என்ன அனுமதி என்று நிர்வகிக்கும் ஐஏஎம் பக்கத்துக்குப் போய் அந்தச் சாவியையே செயலிழக்கச் செய்து நீக்குங்கள். பிறகு, கணக்குத் திறந்த மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் இருக்கிறதே, அதுதான் ரூட். அதற்கு எம்.எஃப்.ஏ. போடுங்கள், அதாவது கடவுச்சொல்லோடு கைபேசிச் செயலியில் வரும் எண்ணும் கேட்கும்படி. தினசரிப் பயிற்சிக்குத் தனி யூசர் ஒன்று உருவாக்கிக்கொண்டு, ரூட்டை எடுத்து வைத்துவிடுங்கள். ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் பொறுப்பைப் பிரித்துத்தான் சொல்வார்கள்: கட்டடமும் இயந்திரமும் அவர்கள் பொறுப்பு, சாவி உங்கள் பொறுப்பு.

இலவசம் என்பதன் அளவு

நீங்கள் கணக்குத் திறந்தது 2025 ஜூலை 15-க்கு முன்பு. ஆகவே உங்களுக்குப் பழைய திட்டம். அதில் 12 மாதத்துக்கு, மாதம் 750 மணி நேரம் மைக்ரோ அளவு சர்வர், 30 ஜிபி டிஸ்க், எஸ்3 என்ற கோப்புச் சேமிப்பில் 5 ஜிபி என்று குறிப்பிட்ட பொருளுக்குக் குறிப்பிட்ட அளவு இலவசம். எல்லாமே இலவசம் என்று நினைத்ததுதான் முதல் சறுக்கல். இன்னொன்று, 750 மணி நேரம் என்பது ஒரு சர்வர் மாதம் முழுக்க ஓடும் அளவு. இரண்டு சர்வர் ஓட்டினால் பாதி மாதத்திலேயே தீர்ந்துவிடும்.

ஜூலை 15 முதல் சேர்கிறவர்களுக்குக் கதை வேறு. சேரும்போது 100 டாலர் கிரெடிட், சில பயிற்சிகளைச் செய்து முடித்தால் இன்னும் 100 வரை. ‘ஃப்ரீ பிளான்’ எடுத்தால் ஆறு மாதம் ஆகும்வரை, அல்லது கிரெடிட் தீரும்வரை. தாமாகக் கட்டணத் திட்டத்துக்கு மாறினால் ஒழிய கார்டில் கை வைக்க மாட்டார்கள். இதைப் படிக்கும் மற்றவர்கள் புதிதாகத் தொடங்குவதானால் அதையே எடுங்கள். உங்களைப் போன்றவர்களை நினைத்துச் செய்த மாற்றம் மாதிரியே இருக்கிறது.

உடனே வேறு மின்னஞ்சலில் திறந்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. அந்தச் சலுகை புதிய வாடிக்கையாளருக்கு மட்டும். அதை மறுபடி வாங்குவதற்கென்றே இன்னொரு கணக்குத் திறப்பதை விதிகள் அனுமதிப்பதில்லை. இருக்கும் கணக்கை ஒழுங்குபடுத்துங்கள். 2026 மே வரை உங்களுக்கு அந்த 750 மணி நேரம் மாதாமாதம் இருக்கிறது. பட்ஜெட் பக்கத்தில் ‘ஜீரோ ஸ்பெண்ட்’ என்று ஒரு தயார் வார்ப்பு உண்டு. இலவச அளவைத் தாண்டிச் செலவு தொடங்கியதும் மின்னஞ்சல் வரும். ஆனால் அது எச்சரிக்கை மட்டும்தான், செலவை நிறுத்தாது. தகவல் வரவும் சில மணி நேரம், சமயத்தில் ஒரு நாள்கூட ஆகும்.

எந்தக் கிளவுட் என்ற கேள்விக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். கூகுள் கிளவுட் 300 டாலர் கிரெடிட்டை 90 நாளுக்குத் தருகிறது, மைக்ரோசாஃப்ட் அஷூர் 200 டாலரை 30 நாளுக்கு. அஷூருக்குச் சென்னையிலேயே டேட்டா சென்டர் ரீஜியன் இருக்கிறது. ஆனால் சர்வர், டிஸ்க், நெட்வொர்க், அனுமதி என்ற அடிப்படை மூன்றிலும் ஒன்றுதான், பெயர்கள்தான் மாறும். ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் காலை வைத்துவிட்டீர்கள், அங்கேயே இருங்கள்.

அந்த 72,000 ரூபாய்

வகுப்பில் சேர்ந்து படிப்பது தவறே இல்லை. கேள்வி கேட்க ஒரு ஆள் இருப்பது பெரிய துணை. ஆனால் நூறு சதவீத வேலை உத்தரவாதம், இந்த வாரம் மட்டும் இந்தக் கட்டணம் என்ற இரண்டும் சேர்ந்து வந்தால் நான் ஒதுங்கிவிடுவேன். நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் இந்த விவரத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மையங்களின் விளம்பரங்களுக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. வேலை நிச்சயம், தேர்ச்சி நிச்சயம் என்று வாக்குக் கொடுத்து விளம்பரம் செய்வதை அது தடுக்கிறது. சிக்கல் வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அதைவிட முக்கியம் அந்த மாதம் 6,000. அதைப் பெரும்பாலும் பயிற்சி மையம் நேராகத் தவணையாக வாங்குவதில்லை. ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கடன் எழுதி, முழுத் தொகையையும் மையத்துக்குக் கொடுத்துவிடும். வகுப்பு பிடிக்காமல் விலகினாலும், மையமே மூடிவிட்டாலும், நிதி நிறுவனத்துக்கு நீங்கள் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சிபிலைப் பற்றிப் பயப்பட வேண்டிய இடம் உண்மையில் இதுதான். செயலி வழியாகக் கடன் எடுப்பதானால், மொத்த வட்டியும் கட்டணமும் காட்டும் முக்கிய விவர அறிக்கையைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மனம் மாறினால் அபராதம் இல்லாமல் விலக ஒரு நாளாவது அவகாசம் தர வேண்டும் என்பதும் விதி. போனில் பேசுகிறவரிடம் இந்த இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். உத்தரவாதத்தையும், பணம் திருப்பித் தரும் நிபந்தனையையும் எழுத்தில் கேளுங்கள். பதில் எப்படி வருகிறது என்பதிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: இப்போது சேராதீர்கள். ஏ.டபிள்யூ.எஸ். ஸ்கில் பில்டரில் அடிப்படைப் பாடங்கள் இலவசம். என்.பி.டி.இ.எல்.லில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் கிளவுட் பாடங்களை இலவசமாகக் கேட்கலாம்; சான்றிதழ்த் தேர்வு வேண்டுமென்றால் மட்டும் கட்டணம். நான்கு மாதம் இவற்றைப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஆசிரியர் வேண்டும் என்று தோன்றினால், எதைக் கேட்க வேண்டும் என்பது தெரிந்தவராகப் போய்ச் சேர்வீர்கள்.

நீங்கள் ஆரம்பித்தது பாடத்தின் நடுப்பக்கம்

நாட் கேட்வேயோடு நெட்வொர்க் அமைப்பது முதல் நாள் பாடமே அல்ல. முதலில் கிளவுடையே தொடாமல் ஒரு மாதம் லினக்ஸ் இயங்குதளம் பழகுங்கள். உங்கள் விண்டோஸ் மடிக்கணினியிலேயே விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல். நிறுவிக்கொள்ளலாம், பைசா செலவில்லை. கோப்பு, அனுமதி, ஓடும் செயல்களைப் பார்ப்பது, லாக் படிப்பது, இவ்வளவு போதும். கூடவே நெட்வொர்க் அடிப்படைகளான ஐபி, போர்ட், டி.என்.எஸ்., சப்நெட். சப்நெட் கணக்கைக் கண்டு பலர் மிரளுவார்கள். கணிதம் படித்த உங்களுக்கு அது அரை மணி நேர வேலை. அப்புறம் எஸ்3-இல் ஒரு பக்க வலைத்தளம், அப்புறம் ஒரே ஒரு சர்வர், அப்புறம் ஐஏஎம். நெட்வொர்க் அதற்கும் அப்புறம்.

ஒவ்வொரு நாளும் கடைசிக் கால் மணி நேரத்தைத் துப்புரவுக்கு வையுங்கள். ஒரு நோட்டில் மூன்று கட்டம்: என்ன உருவாக்கினேன், எந்த ரீஜியன், நீக்கினேனா. டெஸ்டிங்கில் ஒவ்வொரு படிக்கும் எதிர்பார்த்த முடிவு, வந்த முடிவு என்று எழுதியவர்தானே நீங்கள்? அதே பழக்கம்தான் இது. சர்வரை ‘ஸ்டாப்’ செய்தால் அதன் டிஸ்க் இருக்கும், ‘டெர்மினேட்’ செய்தால்தான் சர்வர் போகும். ஆர்.டி.எஸ். டேட்டாபேஸை நிறுத்திவைத்தால் ஏழு நாள் கழித்துத் தானாக மறுபடி ஓடத் தொடங்கும். இவற்றை எல்லாம் படித்து மனப்பாடம் செய்ய வேண்டாம். நோட்டின் மூன்றாவது கட்டமே சொல்லிக்கொடுத்துவிடும்.

தோழி சொன்னதில் இரண்டைத் திருத்த வேண்டும். கோடிங் தெரியாமலே என்பது பாதி உண்மை. பெரிய மென்பொருள் எழுதத் தேவையில்லை. ஆனால் பைத்தான் நிரல்மொழியில் ஐம்பது வரி எழுதவும், அடுத்தவர் எழுதியதைப் படிக்கவும் தெரிய வேண்டும். வீட்டிலிருந்தபடியே என்பதும் அப்படித்தான். தொடக்க நிலை வேலைகள் பெரும்பாலும் கண்காணிப்பு, சப்போர்ட் பிரிவுகளில் இருக்கும். ஷிப்ட் உண்டு, இரவு ஷிப்டும் உண்டு. மகளை வைத்துக்கொண்டு எது முடியும் என்று இப்போதே வீட்டில் பேசிவையுங்கள். இடைவெளிக்குப் பிறகு திரும்பும் பெண்களுக்கென்று சில நிறுவனங்கள் தனித் திட்டம் வைத்திருக்கின்றன. டி.சி.எஸ்.ஸில் அதன் பெயர் ‘ரீபிகின்’, விப்ரோவில் ‘பிகின் அகெய்ன்’. மூன்று வருட டெஸ்டிங் அனுபவத்தை மறைக்காமல் முன்னால் வையுங்கள்.

ஏ.டபிள்யூ.எஸ். சான்றிதழ்த் தேர்வைப் பொறுத்தவரை, முதல்நிலையான கிளவுட் பிராக்டிஷனருக்கு 100 டாலர், வரி தனி. 90 நிமிடம், 65 கேள்விகள், ஆயிரத்துக்கு 700 எடுக்க வேண்டும். அதை மட்டும் வைத்து வேலை கிடைக்காது. ஆள் எடுப்பவர்கள் பார்ப்பது அடுத்த நிலையான சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட். அதற்கு 150 டாலர். ஆனால் ஒன்றில் தேறினால் அடுத்த தேர்வுக்குப் பாதிக் கட்டணச் சலுகை கிடைக்கும். இரண்டையும் எழுதினால் 175. நேராக இரண்டாவதை எழுதினால் 150. ஐந்து வருடம் தேர்வுப் பக்கமே போகாதவருக்கு, அந்த 25 டாலர் ஒரு ஒத்திகைக்கான செலவு. கொடுக்கலாம் என்பேன். அதுவும் நான்காவது மாதத்துக்கு முன் வேண்டாம்.

கடைசியாக, ரெஸ்யூமில் காட்ட ஒரு புராஜெக்ட் கேட்டிருந்தீர்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளை எடுக்காதீர்கள், நூறு பேர் அதையே காட்டுவார்கள். தினமும் இரவு எல்லா ரீஜியன்களையும் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்து, எங்கே சர்வர் ஓடுகிறது, எங்கே நாட் கேட்வே இருக்கிறது, எங்கே எலாஸ்டிக் ஐபி சும்மா கிடக்கிறது என்று பட்டியலிட்டு உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும் ஒரு சின்னப் பைத்தான் நிரல் எழுதுங்கள். சர்வர் அமைக்காமலே நிரலை ஓட்டும் லாம்ப்டாவில் மாதம் பத்து லட்சம் அழைப்புகள் வரை இலவசம். உங்களுக்கு மாதம் முப்பது போதும். பார்க்க மட்டும் அனுமதி கொடுங்கள், நீக்கும் அனுமதி வேண்டாம். நேர்முகத் தேர்வில் இதை ஏன் எழுதினீர்கள் என்று கேட்பார்கள். அந்த ஜூன் மாதப் பில்லை எடுத்து வைத்து, 720 மணி நேரம் எப்படி வந்தது என்று இப்போது நாம் படித்த மாதிரியே வரி வரியாகச் சொல்லுங்கள். நான் அந்த மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பலரைத் தேர்வு செய்திருக்கிறேன். தன் பில்லைத் தானே படித்து விளக்கத் தெரிந்தவர்களை எடுக்கத் தயங்கியதே இல்லை.

சப்போர்ட்டிலிருந்து பதில் வந்ததும் எழுதுங்கள். விலக்கு தர முடியாது என்று சொன்னாலும் எழுதுங்கள். பாக்கியைத் தவணையில் கட்ட வழி இருக்கிறதா என்று அதே கேஸில் எப்படிக் கேட்பது என்பதைச் சொல்கிறேன்.